மேல்நோக்கிப் பெய்யும் மழை

அழகுமீனா டீச்சர் அந்தப் படத்தை விரித்த நிமிஷத்திலிருந்து வினோலியா டீச்சருக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி செரிக்கவில்லை.

சாதாரணப் படமாக இருந்தால் பரவாயில்லை. ஆர்ட் பேப்பர். அரையாள் உயரம். தடவினால் விரல் வழுக்குகிற வார்னிஷ் பூச்சு. 'நீர்ச் சுழற்சி' என்று தங்க எழுத்தில் தலைப்பு. கீழே கடல், பக்கத்தில் மலை, மேலே மேகம், ஓரத்தில் பல் தெரியச் சிரிக்கும் சூரியன். ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். தமிழய்யா தொட்டுப் பார்த்தார். பி.டி. வாத்தியார் மோந்தே பார்த்தார். புது அச்சு வாசனை என்றால் சிவகாசிக்காரர்களுக்கு அப்படி ஒரு பிரியம்.

"தம்பி பாண்டிச்செல்வம் பிரஸ்ல டிசைனரா இருக்கான்லக்கா, அவன் அடிச்சுக் குடுத்தான்," என்றாள் அழகுமீனா, பெருமையை அடக்கத் தெரியாமல்.

"நல்லாருக்கு மீனா," என்றாள் வினோலியா. அந்த இரண்டு சொல்லை வெளியே எடுப்பதற்குள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தது.

வெம்பக்கோட்டை போகிற ரோட்டில் உள்ள அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பேருமே அறிவியல் ஆசிரியைகள். எட்டு ஏ வினோலியாவுடையது. எட்டு பி அழகுமீனாவுடையது. சிவகாசியிலிருந்து ஒரே பஸ், ஒரே சீட். ஒரு நிறுத்தம் முன்னாலேயே ஏறுவதால் ஜன்னலோரம் எப்போதும் அழகுமீனாவுக்குத்தான். அது போதாதென்று அவளுக்குக் கரும்பலகையில் முத்து முத்தான எழுத்து, சுருங்காத சேலை, வேலை மெனக்கெட்டு டிசைன் போட்டுக்கொடுக்கத் தம்பி. வினோலியாவுக்கு வாய்த்த தம்பி கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புவதோடு சரி.

இதெல்லாம் பழைய பொறாமை. புதுப் பொறாமை சிங்கப்பூர்.

பள்ளி மாணவர்களுக்கு நீரின் அறிவியலைக் கற்பிப்பதற்காக 'நீரறிவு இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, நீரைச் சுத்திகரிக்கும் வித்தையைப் பார்த்துவர ஒரு வாரம் சிங்கப்பூர் அனுப்புவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அது வந்த கையோடு வினோலியா பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். அவள் மாமியார் ஒரு படி மேலே போய் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் செய்தியை அறிவித்து, ஸ்தோத்திர ஜெபமும் ஏறெடுத்துவிட்டார். இனிமேல் போகவில்லை என்றால் நன்றி சொன்னதை ஆண்டவரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். அதற்கு வேதத்தில் வழி இல்லை.

அவளுக்குத் தகுதி இல்லாமலும் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்து, ஆவி துளியாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். மணலும் கரியும் போட்டுக் கலங்கல் நீரைத் தெளியவைப்பாள். அவள் வகுப்பு முடிந்தால் பாதிப் பிள்ளைகள் நனைந்துதான் வெளியே வரும். அழகுமீனா ஒருநாளும் ஒரு சோதனை செய்தவள் இல்லை. புத்தகத்தை வாசிப்பாள், வாசிக்கச் சொல்வாள், மணி அடிக்கும்.

ஆகவே போட்டியில் தனக்கே வெற்றி என்று வினோலியா நம்பியிருந்தாள். இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் முனைவர் இசக்கிப்பாண்டி சிவகாசியில் கூட்டம் போடும்வரை அந்த நம்பிக்கை இருந்தது.

"நீர் அரிய வளம்," என்று ஆரம்பித்தார் அவர். "நீரைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த நீரையே செலவழிப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு. தீயைப் பற்றிப் பாடம் நடத்துவதற்காக வகுப்பறையைக் கொளுத்துவோமா? அதுவும் இந்த ஊரில்? எனவே இந்த ஆண்டு முதல் நீரறிவியல் சோதனைகள் அனைத்தும் நீரின்றியே நடத்தப்படும். இந்தச் சிந்தனை எனக்கு நேற்றுக் காலை நீண்ட நேரம் குளித்துக்கொண்டிருந்தபோது உதித்தது."

கைதட்டினார்கள். அவர் பாட்டில் தண்ணீரைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை மேஜை மேல் இருந்த பூங்கொத்தில் ஊற்றினார்.

வினோலியா எழுந்தாள். "சார், ஆவி எப்படித் துளியாகுதுன்னு தண்ணி இல்லாம எப்படி சார் காட்ட?"

"கற்பனை, டீச்சர். நிறைந்த தம்ளரில் நீரைப் பார்ப்பவன் தாகக்காரன். காலித் தம்ளரில் நீரைப் பார்ப்பவன்தான் விஞ்ஞானி."

மறுநாள் எட்டு ஏ வகுப்பில் பிள்ளைகள் காலித் தம்ளர்களைக் காலி அடுப்புகளின் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், எனக்குக் கொதிச்சிருச்சு," என்றான் ஒருவன்.

"ஏலே, நீ இன்னும் அடுப்பே பத்தவைக்கலலே," என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நான் கேஸ் அடுப்புடா."

அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்குள் வினோலியாவுக்குப் பாதி வகுப்பு போய்விட்டது. அடுத்த அறையில் எட்டு பி அமைதியாக இருந்தது. அழகுமீனாவுக்குப் புது விதியால் ஒரு சிரமமும் இல்லை. அவள் வருஷக்கணக்காக நீரின்றித்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருந்தது அவளுக்கே தெரியாமல் முன்னோடித் திட்டமாகிவிட்டது. அதற்கு மேல் இப்போது ஆர்ட் பேப்பர் படம் வேறு. வாரக் கடைசியில் இசக்கிப்பாண்டி ஆய்வுக்கு வருகிறார்.

படம் வந்த அன்றே மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை காலியாக இருந்தபோது வினோலியா அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஏதாவது எழுத்துப்பிழை இருக்காதா என்றுதான் போனாள். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. சலித்துப் போய்த் திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது.

மழை மேலே போய்க்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கடலிலிருந்து ஆவி மேலே போகும் அம்புக்குறி சரி. மேகத்திலிருந்து கீழே வர வேண்டிய மழை அம்புக்குறியும் தரையிலிருந்து புறப்பட்டு மேலே போய் மேகத்தைக் குத்திக்கொண்டிருந்தது. மழைத்துளிகள் தலை மேலேயும் வால் கீழேயுமாக ராக்கெட் போலச் சீறிக் கிளம்பின. மலையிலிருந்து இறங்க வேண்டிய அருவி, பூச்சட்டிப் புஸ்வாணம் மாதிரி உச்சியில் வெடித்துப் பூவாக விரிந்திருந்தது. ஆவணி தொடங்கித் தீபாவளிவரை வெடிப்பெட்டி லேபிளைத் தவிர வேறெதுவும் தொடாத டிசைனர் கையில் வேலையைக் கொடுத்தால் வேறு எப்படி வரும்?

இவ்வளவு பேர் தொட்டுப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

வினோலியாவின் வயிற்றில் காலை இட்லி சுகமாகச் செரித்தது. உடனே போய்ச் சொல்லிவிட்டால் அழகுமீனா தம்பியிடம் சொல்லித் திருத்தி வாங்கிவிடுவாள். ஆய்வுக்கு வருகிற அதிகாரியே கண்டுபிடிக்கட்டும். நாலு பேர் முன்னால் கண்டுபிடிக்கட்டும். ஆனால் இந்த அளவுப் படம் மேடையிலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியுமா?

சாயங்காலம் அழகுமீனாவின் தோளில் கை போட்டாள். "இம்புட்டு நல்ல படத்தை இத்துணூண்டு போட்டா யாருக்குத் தெரியும் மீனா? மேடைக்குப் பின்னால பிளக்ஸா அடிச்சு மாட்டுவோம். எச்.எம். கிட்ட நானே சொல்றேன்."

தலைமையாசிரியர் சோலைச்சாமி கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "ஏன் டீச்சர், உங்களுக்கும் அவுகளுக்கும் ஆகாதுன்னுல நெனச்சேன்."

"பள்ளிக்கூடத்துப் பேருதான் சார் முக்கியம்," என்றாள் வினோலியா.

அழகுமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு யாருக்கு வரும்க்கா," என்று அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். காற்று முகத்தில் அடிக்க, வினோலியா கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

ஆய்வு நாளில் முதலில் தண்ணீர் லாரி வந்தது. பள்ளிக் குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. லாரியைப் பார்த்ததும் பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பி.டி. வாத்தியார் விசில் ஊதித் துரத்தினார். அது குடிக்க வந்த தண்ணீர் இல்லை. அதிகாரியின் கார் வரும்போது புழுதி கிளம்பாமல் இருக்க மைதானம் முழுக்கப் பீய்ச்சுவதற்கு வந்தது. பீய்ச்சி முடித்து லாரி போனது. நனைந்த தரையில் அதிகாரியின் கார் வந்து நின்றது.

பிள்ளைகள் வரிசையாக நின்று காலித் தம்ளர்களை உயர்த்தி நீர் உறுதிமொழி எடுத்தார்கள். அதற்கான ஒத்திகையில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்திருந்ததால் அவர்களை மட்டும் உட்கார்ந்து உறுதியெடுக்க அனுமதித்திருந்தார்கள். இசக்கிப்பாண்டி மேடை ஏறினார். திரும்பினார். பிளக்ஸைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.  வினோலியாவின் மனசுக்குள் சிங்கப்பூர் விமானம் ஓடுபாதையில் உருண்டுகொண்டிருந்தது.

"இதை வரைந்தது யார்?" என்று கேட்டார்.

அழகுமீனா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"என் பணிக்காலத்தில் எத்தனையோ நீர்ச் சுழற்சிப் படங்களைப் பார்த்திருக்கிறேன்," என்றார் அவர் ஒலிபெருக்கியில். "எல்லாவற்றிலும் மழை கீழே விழுகிறது. விழுவது, சரிவது, வடிவது. பிஞ்சு மனங்களில் நாம் விதைப்பது இதைத்தானா? முதல்முறையாக இங்கேதான் எழுச்சி பெறும் மழையைப் பார்க்கிறேன். எனக்கு அறிவியல் பின்புலம் கிடையாது. அதனால்தான் என்னால் இதைத் திறந்த மனதோடு பார்க்க முடிகிறது."

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் கைபேசியில் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

வினோலியாவால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள். "சார், மழை மேல போற மாதிரி தப்பா அச்சாகியிருக்கு சார்."

"டீச்சர், உங்கள் பார்வை ஏன் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது?"

அப்போதுதான் அழகுமீனா திரும்பிப் பிளக்ஸை ஒழுங்காகப் பார்த்தாள்.  "ஆமா சார். தப்புதான் சார். தம்பி வெடி லேபிள் படத்தைத் தூக்கிப் போட்டுட்டான் போல. வெடி சீசன்ல அவன் கை தன்னால மேலதான் சார் போகும். மன்னிச்சிருங்க."

இசக்கிப்பாண்டி கைபேசியைக் காட்டினார். "இதோ, சென்னையிலிருந்து கும்பிடு போட்ட கைகள் வந்துவிட்டன. ஒப்புதல் கிடைத்த பிறகு ஒன்று தவறாக இருக்க முடியாதம்மா. உங்கள் தன்னடக்கத்தைப் பாராட்டுகிறேன். உட்காருங்கள்."

அடுத்த வாரம் மாவட்டத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் அந்தப் படம் வந்தது. பாண்டிச்செல்வத்தின் பிரஸ்ஸுக்கு சீசன் முடிகிற நேரத்தில் இன்னொரு சீசன். படத்தோடு தேர்வும் வந்தது. 'மழை பெய்யும் திசை எது?' என்று ஒரு கேள்வி. எட்டு ஏ வகுப்பில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாரும் 'கீழ்' என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அது தப்பு. எட்டு பி பிள்ளைகள் பக்கத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

எட்டு ஏ பிள்ளை ஒருத்தியின் அம்மா மாரித்தாய், வெடிக் கம்பெனி வேலை முடிந்த கையோடு, விரலில் வெள்ளிப் பொடி மினுங்க வந்து நின்றாள்.

"ஏன் டீச்சர், மழை மேல போகுதுன்னு எழுதுனாத்தான் மார்க் போடுவீகளாமே?"

"ஆமாம்மா. அப்படித்தான் உத்தரவு."

"போகட்டும் டீச்சர், நான் குத்தம் சொல்ல வரல. மேல போனா எங்களுக்கு நல்லதுதான். காயப்போட்ட சரக்கு நனையாது, வேலைக்கு லீவு விடமாட்டாக. ஆனா எங்க கொழுந்தன் வெம்பக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கான். அவனுக்கு மட்டும் கொஞ்சம் கீழ விடச் சொல்லுங்க."

"யாருகிட்ட சொல்ல?"

"அந்த ஆபீசர்கிட்டதான். அவுக கையிலதான இருக்கு இப்ப."

வினோலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வகுப்பு மாவட்டத்திலேயே கடைசி என்று அன்று காலைதான் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அழகுமீனா அதற்குக்கூட ஆறுதலாக ஒரு பூ அனுப்பியிருந்தாள். அந்தப் பூ இன்னும் மனசுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் கணவர் ஜெயசுந்தர், "விட்டுரு வினோ, நீ சொன்னது சரிதான," என்றார். அவருக்குச் சொல்வது சுலபம். அவர் மருந்துக்கடைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் வாசலில், "எப்ப டீச்சர் பிளைட்டு?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பது யார்?

சிங்கப்பூருக்கான இறுதித் தேர்வு விருதுநகரில் நடந்தது. சோலைச்சாமி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதில் வினோலியாவின் பெயரும் பட்டியலில் இருந்தது. பலரையும் கழித்துக் கடைசியில் ஒரே பள்ளிக்கூடத்துக்காரிகள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். முதலில் அழகுமீனா உள்ளே போனாள். சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

"என்ன கேட்டாக?"

"மழை எந்தப் பக்கம் பெய்யுதுன்னு கேட்டாக. கீழதான் சார்னு சொல்லிட்டேன்க்கா. பிள்ளைகளுக்குப் போய்த் தப்பா சொல்லிக் குடுத்திருக்கோமேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. இப்பத்தான் நிம்மதியா இருக்கு. சிங்கப்பூர் உங்களுக்குத்தான்க்கா. போயிட்டு வாங்க."

முகம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியையும் இவள்தான் முதலில் ஏறி ஜன்னலோரமாகப் பிடித்துக்கொண்டாள் என்று வினோலியாவுக்குத் தோன்றியது. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

"மழை எந்தத் திசையில் பெய்கிறது?" என்றார் இசக்கிப்பாண்டி. பக்கத்தில் தேர்வுக்குழுவின் இன்னொரு உறுப்பினர் கண்ணைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

வினோலியாவுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மாமியாரும் பெண்கள் ஐக்கியத்தாரும் வந்து நின்றார்கள்.

"மேல்நோக்கித்தான் சார்," என்றாள்.

"அன்று வேறு மாதிரி சொன்னீர்களே?"

"அன்னைக்கு எனக்குத் தெளிவு இல்ல சார். பூமி உருண்டை. நாம நிக்கிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பெய்யிற மழையை இங்கேருந்து பார்த்தா மேல்நோக்கித்தானே சார் வருது? நாமதான் நம்ம ஊரை மட்டும் வச்சு யோசிக்கிறோம்."

தூங்கிய உறுப்பினர் விழித்துவிட்டார். இசக்கிப்பாண்டி எழுந்து நின்றே கைதட்டினார். "இப்படி ஒரு விளக்கம் எனக்கே தோன்றவில்லையே" என்று வியந்து, அழகுமீனாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். வினோலியாவுக்குக் காது அடைத்தது. விமானம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

"முடிவை இப்போதே அறிவித்துவிடுகிறேன்," என்றார் அவர். "அழகுமீனா அவர்களுக்கு அடிப்படையே புரியவில்லை. தான் தந்த படத்தையே தவறு என்கிறார். வினோலியா அவர்களோ முழுத் தெளிவு பெற்றுவிட்டார். இப்போது நான் கேட்கிறேன், பயிற்சி யாருக்குத் தேவை? தெரிந்தவருக்கா, தெரியாதவருக்கா? எல்லாம் தெரிந்தவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினால் மக்கள் வரிப்பணம் வீண் இல்லையா? ஆகவே அழகுமீனா சிங்கப்பூர் சென்று பயிற்சி பெறுகிறார். வினோலியா மாவட்டத் தலைமைக் கருத்தாளராக ஒன்றியம் ஒன்றியமாகச் சென்று பயிற்சி அளிக்கிறார்."

வினோலியா ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், எனக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தேகம் இருக்கு சார். மழை கீழயும் வரலாமோன்னு."

"அது தன்னடக்கம்," என்றார் அவர் கனிவாக.

"ஐயோ, எனக்கு பாஸ்போர்ட்டுகூட இல்லையே சார்," என்றாள் அழகுமீனா. அதை அவசரமாக எடுத்துக்கொடுக்க அங்கேயே ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. அழகுமீனா பறந்தாள். தலைமைக் கருத்தாளர் வினோலியா முதல் பயிற்சிக்குக் காரியாபட்டிக்குப் பஸ் ஏறினாள்.

கூடம் நிறைய அறிவியல் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அந்தப் படம். பேச எழுந்த நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. வந்திருந்த போட்டோவில் அழகுமீனா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, முகமெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு வரி: 'இங்கயும் கீழதான்க்கா பெய்யுது.'

வினோலியா கைபேசியை அணைத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சுட்டுக்குச்சியை எடுத்துப் படத்தின் மழை அம்புக்குறியில் வைத்தாள்.

"மழை," என்று ஆரம்பித்தாள், "தரையிலிருந்து..."

வெளியே ஒரு இடி இடித்தது. பிடித்துக்கொண்டது மழை. காரியாபட்டி அந்த வருஷத்தில் பார்த்திராத மழை. கூடத்தின் தகரக் கூரையில் தடதடவென்று விழுந்தது. ஆசிரியர்கள் ஒருவர் விடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் விடாமல் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். கடைசியாக அவளைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஞானதீபம் டீச்சர் ஏதோ கேட்க மெல்லக் கையை உயர்த்தினார்.

வினோலியா சுட்டுக்குச்சியை அம்புக்குறியிலிருந்து எடுக்கவில்லை.

"ஜன்னலைச் சாத்துங்க டீச்சர்," என்றாள்.